கேத்தலில் படியும் கல் காரிலும் படியும்: யாழ்ப்பாணத் தண்ணீரில் கார் கழுவுவது பற்றி

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் காரைப் பெற்றோல் வரிசையில் கொண்டுபோய் விட்டேன். மூன்றாம் நாள்தான் வீடு திரும்பினேன். வரிசை நகராமல் நின்ற இடத்தில் பெரிய வேப்பமரம் ஒன்று இருந்தது. அந்த வெய்யிலில் அப்படியொரு நிழல் கிடைத்ததைப் பாக்கியமாக நினைத்தேன். நிழலோடு மரத்திலிருந்த காகங்களும் சேர்ந்தே கிடைத்திருந்தன என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பொனற்றின் நடுவில் எச்சம் காய்ந்து இறுகிப்போயிருந்தது. சமையலறையில் கிடந்த பழைய துணியை எடுத்து, தண்ணீர்கூடத் தொடாமல், இருந்த ஆத்திரத்தில் தேய்த்தேன். எச்சம் போனது. அதன் கீழே உள்ளங்கை அளவில் மங்கிய தழும்பும் அதைச் சுற்றி வட்டவட்டமான கீறல்களும் மிஞ்சின. என்னுடையது கறுப்புக் கார். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

சுயாதீன ஊடகவியலாளர் ஒருவருக்குக் கார் என்பது ஆடம்பரமா என்று கேட்பவர்கள் உண்டு. முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் போய் இரவு திரும்ப வேண்டிய ஒரு பெண்ணுக்கு அதுதான் அலுவலகம், சில நாட்களில் சாப்பாட்டு மேசையும்கூட. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதற்கும் மேலே ஏறியிருக்கும் வரிகளைச் சேர்த்துப் பார்த்தால், இன்னொரு கார் என்ற யோசனையை என்னைப் போன்றவர்கள் கைவிட வேண்டியதுதான். இருக்கிற காரை இன்னும் பத்து வருடம் காப்பாற்றியாக வேண்டும். எஞ்சினைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். தகரத்தைக் கறளிலிருந்து காக்கிற பெயின்ற்றைப் பற்றி, அது உரிந்த பிறகுதான் யோசிக்கிறோம்.

அந்தத் தழும்புக்குப் பிறகு பெயின்ற் வேலை செய்யும் அண்ணை ஒருவரிடம் கேட்டும், வாசித்தும், சில தவறுகளை நானே செய்து பார்த்தும் கற்றுக்கொண்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. முற்றமும் நிழலும் இரண்டு வாளிகளும் இருந்தால் தொடங்கலாம்.

அப்பாவின் காலமும் எங்கள் காலமும்

அப்பா ஒரு காலத்தில் ஒஸ்ரின் ஏ40 ஒன்றை வாடகைக்கு ஓடியவர். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலை ஊசியால் பீச்சி எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் அதுவும் ஒன்று. அதை அவர் பளபளப்பாகவே வைத்திருந்தார். கையில் கிடைத்த பொலிஷைப் போட்டுத் தேய்ப்பார், துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். “பழசு போனாத்தான் பிள்ளை, புதுசு தெரியும்” என்பார்.

அந்தக் காருக்கு அது சரி. பழைய கார்களில் நிறமும் பளபளப்பும் ஒரே படையில் இருந்தன. தடிப்பாகப் பூசப்பட்ட எனாமல், வெய்யிலில் வெளிறிய மேல்பகுதியைத் தேய்த்து எடுத்தால் கீழே புது நிறம் வரும். இன்றைய கார் அப்படியல்ல. தகரத்தின் மேல் கறள் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று படைபடையாக இருக்கிறது. பளபளப்பைத் தருவதும், வெய்யிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்த மேற்படைதான்.

இத்தனை படைகளும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரைதான். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண ஏ4 கடதாசி ஒன்றின் தடிப்பே ஏறத்தாழ 100 மைக்ரோன் வரும். அதற்குள் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரோன் அளவில்தான், ஒரு தலைமயிரைவிட மெல்லியது. அப்பாவின் கையைப் பிடித்துத் தடுத்தது இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகுதான். துணியில் நிறம் வராததால் ஒன்றும் தேயவில்லை என்று நினைக்கக்கூடாது. தேய்வது நிறமற்ற படை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

முதல் எதிரி காய்ந்த துணி

காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு துணியால் காரைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். பெரும்பாலான கீறல்கள் அங்கிருந்துதான் வருகின்றன. வலிகாமத்துச் செம்மண் புழுதியைக் கையில் எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள், நறநறவென்றிருக்கும். அதில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது, அது கிளியர் கோட்டைவிடக் கடினமானது. காய்ந்த துணி அந்த மணலைப் பிடித்துக்கொண்டு அரத்தாளைப் போல் இழுத்துச் செல்லும். வெய்யிலில் கறுப்புக் காரைப் பார்த்தால் சிலந்தி வலைபோல் தெரியும் வட்டக் கீறல்களுக்குக் காரணம் இதுதான்.

புழுதி படிந்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். புழுதி கிடப்பதால் பெயின்ற் கெடாது, அதைக் காயக் காயத் துடைப்பதால்தான் கெடும். முன் கண்ணாடியை மட்டும் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டு புறப்படலாம்.

இதே காரணத்தால், புழுதி படிந்த காரின் மேல் கவர் போடுவதும் நல்லதல்ல. சோளகக் காற்றில் கவர் படபடக்கும்போது உள்ளே இருக்கும் மணல் முழுவதும் தேய்க்கும். தறப்பாள் இன்னும் மோசம். மழைக்குப் பிறகு ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

நம் தண்ணீரின் குணம்

யாழ்ப்பாணத்தில் கேத்தல் வைத்திருப்பவர்களுக்கு அதன் அடியில் படியும் வெள்ளைக் கல்லைத் தெரியும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மழைநீர் அதனூடாக இறங்கிக் கிணற்றுக்கு வரும்போது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காரை வெய்யிலில் காயவிட்டால், ஒவ்வொரு துளியும் ஆவியாகி ஒரு வெள்ளை வளையத்தை விட்டுப்போகும். கேத்தலில் படியும் அதே கல்தான் அது. சில நாட்களுக்குள் துடைத்தால் போகும். மாதக்கணக்கில் வெய்யிலில் காய்ந்தால் கிளியர் கோட்டில் பள்ளமாகப் பதிந்துவிடும்.

ஆகவே இங்கே கழுவுவதைவிட ஈரத்தை எடுப்பதுதான் முக்கியம். காலை ஏழு மணிக்கு முன்னரோ வெய்யில் தாழ்ந்த பிறகோ, நிழலில், பொனற் கைக்குக் குளிராக இருக்கும் நேரத்தில் கழுவுங்கள். சூடான தகரத்தில் தண்ணீர் துணி எட்டுவதற்குள் காய்ந்துவிடும்.

கடைசி அலசலுக்கு மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. வாடைக்கால மழையில் கூரைப் பீலியின் கீழ் பீப்பாய் ஒன்றை வைத்துவிடலாம். முதலில் விழும் தண்ணீர் கூரை அழுக்கோடு வருவதால் அதை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். நுளம்பு வராமல் மூடிவைப்பதும் அவசியம். வீட்டில் ஏசி இருந்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரையும் சேர்க்கலாம். அதில் சுண்ணாம்பு இல்லை.

ஏற்கெனவே விழுந்த வெள்ளை வளையங்களுக்கு, நிறமற்ற வினாகிரியையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து, மென்மையான துணியில் நனைத்து அந்த இடத்தில் ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு மெதுவாகத் துடைத்து, உடனே நிறையத் தண்ணீரால் அலசுங்கள். நிழலில் மட்டும் இதைச் செய்யவேண்டும். கறள் தொடங்கிய இடத்திலோ பெயின்ற் உரிந்த வெறும் தகரத்திலோ படவிடக்கூடாது. வினாகிரி மெழுகையும் எடுத்துவிடும் என்பதால் அந்த இடத்துக்குத் திரும்ப மெழுகு பூசவேண்டும்.

இரண்டு வாளி முறை

வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் கழுவுகிறேன். தேவையானவை: இரண்டு வாளி, கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, சக்கரங்களுக்குத் தனியாக ஒரு பழைய துணி, ஈரம் எடுக்க ஒரு பெரிய மைக்ரோஃபைபர் துவாய்.

முதலில் சக்கரங்கள். பிரேக்கிலிருந்து வரும் இரும்புத்தூள் அங்கேதான் அதிகம். அந்தத் துணி காரின் உடம்பில் ஒருபோதும் படக்கூடாது. அடுத்து கார் முழுவதும் மேலிருந்து கீழாக வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். கை படாமலே போகக்கூடிய மணலெல்லாம் இதில் போகட்டும். அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டினால் மற்றதெல்லாம் வீண்.

பிறகு ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பில் தோய்த்து, கூரையில் தொடங்கி, அழுத்தாமல், நேர்கோட்டில் இழுங்கள். வட்டமாகத் தேய்க்கவேண்டாம். ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குள் விடவேண்டும். கழுவி முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் மண் முழுவதும், ஒரே வாளியோடு கழுவியிருந்தால் திரும்பத் திரும்பக் காரில் தேய்ந்திருக்கும். கூரை, கண்ணாடிகள், பொனற், கதவுகளின் மேற்பாதி, கடைசியாகக் கதவுகளின் கீழ்ப்பாதியும் பம்பர்களும் என்பதே ஒழுங்கு. கையுறை நிலத்தில் விழுந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு.

ஒவ்வொரு பகுதியையும் ஷாம்பு காயுமுன் அலசிக்கொண்டே போகவேண்டும். ஈரம் எடுக்கும்போது துவாயை விரித்துப் போட்டு, தட்டி, ஒற்றி எடுங்கள். கதவு ஓரங்களையும் கண்ணாடிகளின் கீழையும் மறக்காதீர்கள். அங்கிருந்து வழியும் ஒரு கோடு தண்ணீர் மாலைக்குள் வெள்ளைக் கோடாகிவிடும்.

சவர்க்காரத் தூள் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதன் கரையாத குருணிகள் கீறும், காரத்தன்மை மெழுகை எடுத்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் ஒருநாளில் பெயின்ற்றைக் கெடுத்துவிடாது, ஆனால் அதுவும் மெழுகைக் கழுவிவிடும். பிஎச் நடுநிலையான கார் ஷாம்பு ஒரு போத்தல் எனக்குப் பல மாதங்களுக்குப் போதுமாக இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லவேண்டும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் பத்து நிமிடத்தில் 100 லீற்றரைத் தாண்டிவிடும். வாளியும் குவளையுமாகக் கழுவினால் எனக்கு 60 லீற்றர் அளவில் போதும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில், எல்லோரும் மழை விட்டுப்போன ஒரே நிலத்தடி நீரைத்தான் பகிர்கிறோம். அதே காரணத்துக்காகக் கிணற்றடியில் காரைக் கழுவாதீர்கள். மண்படை மெல்லியது, சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் அதிகம். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. நான் வாசலுக்குப் பக்கத்தில், கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் கழுவுகிறேன். அதனால் ஒழுங்கைக்கே தெரியும். “என்ன பிள்ளை, சேர்விஸுக்குக் குடுக்கேல்லையோ, நீயே நிண்டு கழுவுறாய்?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். இப்போது அவருடைய மகன் வாளி இரண்டு வாங்கியிருக்கிறான்.

எச்சம், பிசின், தார்

பறவை எச்சத்தில் அமிலத்தன்மை இருக்கிறது. வெய்யிலில் கிளியர் கோட் சூடாகி இளகும்போது எச்சம் அதன்மேல் காய்ந்து இறுகும். இரவில் குளிரும்போது பெயின்ற் அதைச் சுற்றிச் சுருங்கும். தழும்பு அப்படித்தான் பதிகிறது. வன்னி வெய்யிலில் சில மணித்தியாலமே போதும். நான் இப்போது காரில் ஒரு போத்தல் தண்ணீரும் மென்மையான துணியும் எப்போதும் வைத்திருக்கிறேன். எச்சத்தைக் கண்டால் துணியை நன்றாக நனைத்து அதன்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். ஊறியதும் தேய்க்காமல் அள்ளி எடுங்கள். அன்றைக்கு வரிசையில் நின்றபோது இது எனக்குத் தெரிந்திருந்தால், குடித்து மிஞ்சிய அரைப் போத்தல் தண்ணீரே போதுமாக இருந்திருக்கும்.

வேப்பம் பிசினுக்கும் பழம் தின்னும் வௌவால்களின் எச்சத்துக்கும் இதே முறைதான். பிசின் இறுகியிருந்தால் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றைத் துணியில் நனைத்துச் சிறிது நேரம் வைத்து இளக்கி எடுத்து, உடனே அலசுங்கள். வீதி வேலை நடக்கும் இடங்களில் தெறிக்கும் தாரை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எடுப்பது நம் ஊர் வழக்கம். அது வேலை செய்யும், ஆனால் றப்பரில் படவிடாமல், எடுத்தவுடன் ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட வேண்டும்.

மரத்தடியில் நிறுத்துபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். முன் கண்ணாடியின் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில், வேப்பிலையும் பூவும் சேர்ந்து மழைநீர் வடியும் துளைகளை அடைத்துவிடும். கதவுகளின் அடியிலும் சிறு துளைகள் இருக்கின்றன. அவை அடைபட்டால் கறள் உள்ளிருந்து தொடங்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

கடற்காற்றும் கறளும்

பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குப் போய்வந்தாலோ, காங்கேசன்துறைக் கரையில் காரை நிறுத்தினாலோ, அன்றைக்கே அல்லது மறுநாளே வெறும் நன்னீரால் அலசிவிடுங்கள். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக் கறளை விரைவாக்கும். சக்கரங்களுக்கு மேலே உள்ள உட்குழிகளுக்கும் காரின் அடிப்பகுதிக்கும் தண்ணீர் போகவேண்டும். தீவகத்திலும் கரையோரங்களிலும் கிணற்று நீரே உவராக இருக்கும் இடங்களில் அதனால் கழுவுவது உப்புக்கு மேல் உப்பு. வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரால் கழுவுவதே மேல்.

ஏ9 வீதியில் முன்னால் போகும் டிப்பர் தெறித்த கல், பொனற்றின் விளிம்பில் ஒரு புள்ளி பெயின்ற்றைப் பெயர்த்துவிட்டுப் போகும். அதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள், கறள் பெயின்ற்றின் கீழால் ஊர்ந்துபோகும். உங்கள் காரின் நிறக்குறியீடு கதவுத் தூணிலோ எஞ்சின் பகுதியிலோ உள்ள தகட்டில் இருக்கும். அதைக் காட்டி ஒரு சிறு போத்தல் பெயின்ற் கலந்து வாங்கலாம். இடத்தைச் சுத்தமாக்கி, கறள் இருந்தால் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, மெல்லிய தூரிகையால் புள்ளியை மட்டும் நிரப்புங்கள். அழகாக இராது. கறள் பிடிக்காமல் இருக்கும்.

மெழுகு

கழுவிக் காய்ந்த காரில், கையை ஒரு மெல்லிய பொலிதீன் பைக்குள் விட்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு அதில் தெரியும். ஒட்டிக்கொண்ட இரும்புத்தூளும் தார்த் துகளும்தான் அது. கார்களுக்கென்று விற்கும் களிக்கட்டியை, ஷாம்புத் தண்ணீர் தாராளமாக விட்டு மெதுவாக வழுக்கவிட்டால் அவை கழன்றுவிடும். வருடத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டுமுறை போதும். கட்டி நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடுங்கள்.

அதன்பிறகு மெழுகு. கடைகளில் கிடைக்கும் கார்னௌபா மெழுகு பிரேசிலில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. வெய்யிலில் ஓலை உலராமல் காப்பதற்காக அந்த மரமே சுரப்பது. பனையை நம்பி வாழ்ந்த ஊருக்கு இது பொருத்தமான பொருள்தான். நம் வெய்யிலில் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். செயற்கைப் பூச்சுகள் நாலைந்து மாதம் தாங்கும். செராமிக் பூச்சு வருடக்கணக்கில் தாங்கக்கூடியது, ஆனால் விலையும் அதிகம், முன்வேலையும் அதிகம். எதைப் போட்டாலும் மெல்லியதாகப் பூசுங்கள். தடிப்பாகப் போட்டால் துடைத்தெடுக்கும் வேலைதான் கூடும். கழுவும்போது தண்ணீர் முத்துமுத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. பாய்போல் படர்ந்து நின்றால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது.

கூரையும் பொனற்றுமே அதிக வெய்யில் குடிப்பவை. மாதம் ஒருமுறை முழுக் காருக்கும் பூச நேரமில்லாவிட்டால் அவை இரண்டுக்காவது பூசுங்கள். கிளியர் கோட் வெள்ளையாகி உரியத் தொடங்கிய பிறகு மெழுகோ பொலிஷோ அதைத் திருப்பிக் கொண்டுவராது. அந்தப் பகுதிக்குத் திரும்பப் பெயின்ற் அடிப்பது ஒன்றே வழி.

எடுக்காமல் விட்டது

என் பொனற்றின் தழும்பைப் பெயின்ற் அண்ணையிடம் காட்டினேன். ரபிங் கொம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் போகாதா என்று கேட்டேன். அவர் பொனற்றைச் சரித்து, வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“எடுக்கலாம் தங்கச்சி. ஆனா இது ஆழமாய்ப் போயிருக்கு. இது போகுமட்டும் தேய்ச்சா மேல ஒண்டும் மிஞ்சாது. அடுத்த வருசம் இதிலயே உரியும், பிறகு முழுப் பொனற்றும் அடிக்கவேணும்.”

சுற்றியிருந்த மெல்லிய கீறல்களை மட்டும் கையால், மென்மையான பொலிஷால் குறைத்துத் தந்தார். தழும்பை விட்டுவிட்டார். காசு வாங்கவும் மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். வேலை தேடி வருகிறவரிடம் வேலை வேண்டாம் என்று சொல்லும் ஒருவரைக் கண்டுபிடிப்பது கார் வைத்திருப்பவருக்குப் பெரிய உதவி. பளபளப்பாக்கித் தருகிறோம் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெஷினால் பொலிஷ் போடச் சொல்பவர்களிடம், ஒவ்வொரு முறையும் எவ்வளவு கிளியர் கோட் போகிறது என்று கேளுங்கள்.

அப்பாவுக்கு இப்போது கார் ஓட்டக் கண் போதாது. கழுவும் நாட்களில் வாசலில் கதிரை போட்டு இருந்து, நான் விட்ட இடங்களைச் சொல்வார். போன கிழமை துவாயை அவரிடம் கொடுத்தேன். தேய்க்காமல், ஒற்றி எடுத்தார். பின்கதவின் கீழே ஒரு கோடு தண்ணீர் வழிவதை அவர்தான் முதலில் கண்டார்.